அதே கதை, அதே சண்டை, அதே பாட்டு: தமிழ் சினிமா பத்தி கொங்கு பக்கம் அடிக்கடி கேக்கற கேள்விங்க

டீக்கடை, கல்யாண பந்தி, பனியன் கம்பெனி வாசல்னு எங்க நின்னு பழமை பேசுனாலும் படத்தை பத்தி பேச்சு வந்துட்டா இதே கேள்விங்க தான் சுத்தி சுத்தி வருது. நான் சினிமாக்காரன் இல்லைங்க, திருப்பூர்ல மெர்ச்சண்டைசர் வேலை, ஷிப்மெண்ட் போன ராத்திரி செகண்ட் ஷோ போற கேஸு. சித்தப்பா பையன் ஒருத்தன் கோபிசெட்டிபாளையம் தாண்டி ஒரு சிங்கிள் ஸ்க்ரீன் தியேட்டர்ல மேனேஜரா இருக்கான், கணக்கு வழக்கு விஷயமெல்லாம் அவன் சொல்லி தெரிஞ்சது. மத்தபடி எல்லாம் சொந்த கருத்து தான், ஒத்து வரலீன்னா திட்டிட்டு போங்க.

எல்லா படமும் ஒண்ணாட்டவே இருக்குதே, எனக்கு மட்டும் தான் அப்படி தோணுதுங்களா?

இல்லைங்க, படம் முடிஞ்சு ஸ்டாண்டுல வண்டி எடுக்கறப்ப காதை தீட்டி வெச்சு கேளுங்க, பாதி பேரு இதத்தான் சொல்லிட்டு போவாங்க. இப்ப ஓடற அச்சு எதுன்னு எல்லாத்துக்கும் தெரியும். கண்டெய்னர்ல போதை பொருள் வருது, அதை தேடி ஒரு கும்பல் அலையுது, நம்மாளு ஒரு ஓரமா பேக்கரியோ மெக்கானிக் ஷாப்போ வெச்சு அமைதியா இருக்காரு, இண்டர்வலுக்கு பத்து நிமிஷம் முன்னாடி மழை பெய்யுது, அவரு யாருன்னு தெரியுது, அப்பறம் பழைய பாட்டு ஒண்ணு பின்னாடி ஓட ஓட அம்பது பேரை வெட்டறாரு. இதுக்கு முன்னாடி பேய் சீசன், அதுக்கு முன்னாடி மதுரை அருவா சீசன், அதுக்கும் முன்னாடி நாட்டாமை சீசன். ஒரு படம் ஓடுனா அடுத்த ரெண்டு மூணு வருஷத்துக்கு அதே தான். தமிழ்ல மட்டும் வருஷத்துக்கு 200 படத்துக்கு மேல வருது, அதுல பேரு நெனப்புல நிக்கறது எத்தனைன்னு நீங்களே விரல் விட்டு பாருங்க.

எங்க அப்பாரு அந்த காலத்து படத்துல எல்லாம் இப்படி இல்லைங்கறாரே?

அப்பாரு மேல மரியாதை இருக்குதுங்க, ஆனா இது நெசமில்ல. அந்த காலத்துல ஒரே புராண கதையை எத்தனை கம்பெனி எடுத்துச்சுன்னு பாத்தா தலை சுத்தும். அதுலயும் திருப்பி எடுக்கற தொழிலுக்கு நம்ம கோயமுத்தூரே ஒரு பெரிய சாட்சி. இங்க பட்சிராஜா ஸ்டுடியோ வெச்சிருந்த ஸ்ரீராமுலு நாயுடு 1954ல எம்.ஜி.ஆரை வெச்சு மலைக்கள்ளன் எடுத்தாரு, கதை நம்ம நாமக்கல் கவிஞரோடது, ஜனாதிபதி வெள்ளிப் பதக்கம் வாங்குன முதல் தமிழ் படம் அது தான். அந்த ஒரே கதை தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம்னு எல்லா பக்கமும் போச்சு, இந்தில திலீப் குமாரை வெச்சு அவரே டைரக்ட் பண்ணுனாரு. பகல்ல ஒரு வேஷம் ராத்திரி ஒரு வேஷம், இருக்கறவங்கிட்ட புடுங்கி இல்லாதவங்களுக்கு குடுக்கற திருடன். இன்னைக்கு வர்ற படத்துல பாதி இந்த கதை தானுங்களே.

சேலத்துல மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரமும் அப்படித்தான், வேலைக்கு வர்ற நேரம் போற நேரமெல்லாம் மில்லாட்டம் கறாரா வெச்சு நூறு படத்துக்கு மேல எடுத்தாங்க, எது ஓடுதோ அதை இன்னொண்ணு எடுக்கறது அவங்களுக்கு சாதாரணம். அதனால ஒரே மாதிரி எடுக்கறது இப்ப வந்த சீக்கு இல்ல. சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வே வேலைய விட்டுட்டு 1905ல ப்ரொஜெக்டர் வாங்கிட்டு ஊர் ஊரா டென்ட் அடிச்சு படம் காட்டுனாரே, 1914ல நம்ம கோயமுத்தூர்ல வெரைட்டி ஹால் கட்டுனாரே, அந்த டென்ட் கொட்டாய்ல மொத நாள் சனம் ஆச்சரியத்துல வாய் பொளந்துருக்கும், பொறவு வந்தவங்க "வேற ரீல் இல்லீங்களா"ன்னு தான் கேட்டிருப்பாங்க.

அப்ப ஒரே கதைய எடுக்கறது தப்பே இல்லைங்கறீங்களா?

தப்பில்லைங்க. இதை கொஞ்சம் பொறுமையா சொல்லோணும், ஏன்னா நான் சொல்ல வர்றதே இது ஒண்ணு தான். சனத்துக்கு ஒரே கதை அலுக்கறதில்ல. அந்த கதை நடக்கற இடம் எதுன்னே தெரியாம, அந்த ஆளு என்ன வேலை செஞ்சு சோறு உங்கறான்னே தெரியாம எடுக்கறாங்க பாருங்க, அது தான் அலுக்குது.

2024ல லப்பர் பந்து ஓடுச்சே, கதை என்ன, மாமனாராக போறவருக்கும் மருமவனாக போறவனுக்கும் வீம்பு, நடுவுல பொண்ணு. நம்ம பாட்டன் காலத்து கதை. ஆனா அந்த ரப்பர் பந்து மேட்ச்சு இருக்குதே, யாரு டீமுல யாரை சேத்துக்குவாங்க யாரை சேக்க மாட்டாங்க, வயசானவன் இன்னும் நான் தான் கெத்துன்னு பேட்டை கீழ வைக்காம திரியறது, வீட்டுக்காரிக்கு தெரியாம மேட்ச்சுக்கு ஓடறது, இதெல்லாம் ஞாயித்துக்கிழமை நம்ம ஊரு பொட்டல்ல பாக்கறது தான். எங்க மாமா ஒருத்தரு, கல்யாணமாயி புள்ளைக்கு கல்யாண வயசு ஆயிருச்சு, இன்னும் டோர்னமெண்ட்டுக்கு பேட்டை தூக்கிட்டு போவாரு, அவரை கூட்டிட்டு போய் இந்த படத்தை காட்டுனதுக்கு அவரு இண்டர்வல்ல ஒண்ணும் பேசல, பப்ஸை கைல வெச்சுட்டே நின்னுட்டு இருந்தாரு. அத்தை தான் சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி. அதே வருஷம் மகாராஜா, அதுவும் மகளுக்காக அப்பன் பழி வாங்கற கதை தான, ஆனா ஒரு சலூன்காரரு குப்பைத்தொட்டி காணோம்னு ஸ்டேஷன்ல வந்து உக்காந்துக்கறாரு, அந்த ஒண்ணுலயே நம்மள புடிச்சு உக்கார வெச்சுட்டாங்க.

பின்ன ஏன் ப்ரொட்யூசருங்க அதே அச்சுல ஊத்தறாங்க?

காசுங்க, வேறென்ன. ஆனா அந்த காசு எப்படி சுத்துதுன்னு தெரிஞ்சா கோவம் கொஞ்சம் கொறையும்.

தமிழ்நாட்டை வியாபாரத்துக்குன்னு ஏரியா ஏரியாவா பிரிச்சு வெச்சிருக்காங்க. சென்னை சிட்டி தனி, செங்கல்பட்டு ஆற்காடு சைடு தனி, திருச்சி தஞ்சாவூர் ஒண்ணு, மதுரை ராமநாதபுரம் ஒண்ணு, திருநெல்வேலி கன்னியாகுமரி ஒண்ணு, நம்ம பக்கத்துக்கு கோவை ஏரியா, சேலம் ஏரியான்னு ரெண்டு. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, நீலகிரி எல்லாம் கோவை ஏரியா. நாமக்கல்லு, தர்மபுரியெல்லாம் சேலத்தோட போவும். கோவை ஏரியா ஓரளவு நல்லா பணம் வர்ற ஏரியான்னு பேரு. இந்த ஏரியாவ வாங்கற டிஸ்ட்ரிப்யூட்டரு படத்தை பாத்து வாங்கறதில்ல, படம் அப்ப முடிஞ்சிருக்கவே இருக்காது. அவருகிட்ட இருக்கறது ரெண்டே விஷயம் தான், ஹீரோ யாரு, அந்த ஹீரோவோட போன படம் இங்க என்ன வசூல் பண்ணுச்சு. எம்.ஜி.ன்னு சொல்ற மினிமம் கேரண்டி, அதாவது படம் ஓடுனாலும் ஓடலைன்னாலும் இவ்வளவுன்னு பேசி பணம் குடுத்து வாங்கறவரு "கதை புதுசா இருக்குதுங்க"ன்னு சொன்னா பயந்துக்குவாரு, "போன தடவையாட்டமே, ஆனா கொஞ்சம் பெருசா"ன்னு சொன்னா செக்குல கையெழுத்து போடுவாரு.

இதுக்கு மேல ஓடிடி வந்துச்சு. கொரோனாவுக்கு அப்பறம் படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஓடிடிக்காரங்க வெலை பேசிருவாங்கன்னு ஒரு காலம் இருந்துது, அவங்களும் ஹீரோ மூஞ்சிய வெச்சு தான் வெலை போட்டாங்க. இப்ப அவங்க கையை இழுத்துக்கிட்டாங்க, ஆனா ஹீரோ சம்பளம் ஏறுனது எறங்கல. சம்பளத்துக்கே பாதி பட்ஜெட் போயிட்டா மிச்சத்துல கதை எழுதறவனுக்கு என்னத்த குடுப்பாங்க, அவன் என்னத்த எழுதுவான். நாலு சேனல்ல ஓடுன பழைய படத்தை பாத்து எழுதறது தான்.

அரசாங்கத்துக்கும் இதுல பங்கு இருக்குதுங்களா?

கொஞ்சம். 2006ல தமிழ் பேரு வெச்சா கேளிக்கை வரி இல்லைன்னாங்க, உடனே ராத்திரியோட ராத்திரியா இங்கிலீஷ் டைட்டிலு எல்லாம் தமிழாச்சு. 2011க்கு அப்பறம் யூ சர்டிபிகேட்டும் வேணும்னு சேத்தாங்க. 2017ல ஜிஎஸ்டி வந்ததும் அந்த கதை முடிஞ்சுது. வரிக்காக டைட்டிலை மாத்துனாங்களே தவிர உள்ள இருந்தது மாறல.

நாட்டாமை படமெல்லாம் நம்ம பக்கம் தான பிச்சுட்டு ஓடுச்சு, இப்ப என்ன திடீர்னு பிடிக்கலைங்கறது?

ஓடுச்சுங்க, நானும் பாத்தேன், விசிலும் அடிச்சேன். 90கள்ல சின்ன கவுண்டர், எஜமான், நாட்டாமைன்னு வரிசையா வந்துது, நாட்டாமை தெலுங்குக்கு போய் பெத்தராயுடு ஆகி அங்கயும் ஓட்டமா ஓடுச்சு. தொட்டிக்கட்டு வீடு, வெள்ளை வேட்டி, ஆலமரத்தடி, பக்கத்துல சொம்பு, ஊரே கை கட்டி நிக்கும், பெரியவரு ஒரு வார்த்தை சொன்னா அது சட்டம்.

யாருக்கு அது புடிச்சுது, யாரு அதை பல்ல கடிச்சுட்டு பாத்தாங்கன்னு அப்ப யாரும் கேக்கல, அவ்வளவு தான். அந்த சீன்ல கடைசி வரிசைல துண்டை இடுப்புல கட்டிட்டு நிக்கறவன் இருக்கான் பாருங்க, அவனுக்கு வசனமே இருக்காது, "ஐயா சொன்னா சரிங்க" அது ஒண்ணு தான். அப்படி நின்னவங்க வீட்டு புள்ளைங்களும் அதே தியேட்டர்ல தான் பெஞ்சு டிக்கெட்டு வாங்கி உக்காந்திருந்தாங்க. என்கூட கம்பெனில பேட்டர்ன் மாஸ்டரா இருக்கற ஒருத்தரு சொல்லுவாரு, "எங்கப்பன் அந்த மரத்தடில நின்னதை நான் பாத்திருக்கேனுங்க, பின்னாடி மியூசிக் எல்லாம் போடலீங்க"ன்னு. அதுக்கு மேல நான் என்னத்த சொல்றது.

2023ல மாமன்னன் வந்தப்ப இங்க எத்தனை வீட்டுல சண்டை நடந்துதுன்னு எனக்கு தெரியும். கதை நடக்கறது சேலத்து பக்கம். எம்.எல்.ஏ.வா இருக்கற ஒரு மனுசன், வடிவேலு பண்ணுன கேரக்டரு, பெரிய வீட்டுக்காரரு முன்னாடி சேர்ல உக்காராம நிக்கறாரு, மகன் "உக்காருங்கப்பா"ங்கறான். அந்த ஒரு சேரை வெச்சு நாட்டாமை படம் மொத்தத்துக்கும் பதில் சொல்லியாச்சு. எங்க சொந்தத்துலயே ரெண்டு பேரு அந்த படத்தை பத்தி பேச்சு வந்தா இன்னும் எந்திரிச்சு போயிருவாங்க, சரி போகட்டும், எந்திரிச்சு போற அளவுக்கு ஒரு படம் தாக்குதுன்னா அது அச்சுல ஊத்துன படம் இல்லைன்னு அர்த்தம். ஆனா ஒண்ணு, இப்ப இந்த மாதிரி படத்துக்கும் ஒரு அச்சு ரெடியாயிட்டு இருக்குது, கடைசில ஒரு அம்பேத்கர் படத்தை காட்டிட்டா போதும்னு நெனைக்கற டைரக்டருங்க வந்துட்டாங்க, அதையும் சொல்லித்தான் ஆவோணும்.

பொள்ளாச்சி கோபி பக்கமெல்லாம் சூட்டிங் வராத நாளே இல்ல, ஆனா படத்துல எங்க ஊரு இல்லையே?

இது தான் எனக்கு புடிச்ச கேள்வி. கோபிக்கு மினி கோடம்பாக்கம்னே பேரு. பாக்யராஜ் வெள்ளாங்கோயில்காரரு, முந்தானை முடிச்சு 1983ல கோபி பக்கம் எடுத்தாரு, அது நம்ம ஊரு படமாட்டவே இருந்துது, சரி. ஆனா தேவர் மகன் எங்க எடுத்தாங்க தெரியுமுங்களா, பொள்ளாச்சி பக்கம். தென்னந்தோப்பு நம்மளுது, வாய்க்கா நம்மளுது, பேசறது மட்டும் தெக்கத்தி பேச்சு. நல்ல படம் தான், குத்தம் சொல்லல. அதுக்கப்பறம் வந்தவங்க பூராவும் பொள்ளாச்சியை ஒரு பச்சை ஸ்க்ரீனாட்டம் வெச்சுக்கிட்டாங்க. மதுரையா, எடு. தேனியா, எடு. ஆந்திராவா, அதுவும் எடு. பின்னாடி வெள்ளியங்கிரி மலையோ ஆனைமலையோ தெரியும், முன்னாடி ஒருத்தன் "ஏலே"ங்கறான். பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணிய காட்டுவாங்க, ஆனா அந்த தண்ணிக்கு மொறை வெச்சு மடை தொறக்கறப்ப அண்ணந்தம்பிக்குள்ள என்ன நடக்கும்னு ஒரு படத்துலயும் நான் பாத்ததில்ல.

இத்தனைக்கும் இன்னைக்கு அச்சு போடற டைரக்டருங்கள்ல நம்பர் ஒன்னு யாரு, கிணத்துக்கடவுக்காரரு லோகேஷ் கனகராஜ். கைதி 2019ல வந்தப்ப ஹீரோயின் இல்ல பாட்டு இல்ல, ஒரே ராத்திரி, ஒரு லாரி, அசந்து போனோம். அது இந்திக்கே போச்சு. அப்பறம் விக்ரம் 2022ல வந்து ஓடுன ஓட்டத்துல எல்லாருக்கும் போதை கும்பல் காச்சல் புடிச்சுக்கிச்சு. அவரை குத்தம் சொல்ல மாட்டேன், காப்பி அடிச்சவங்கள தான் சொல்றேன், அவங்களுக்கு அந்த லாரி புரியல, பிரியாணி அண்டா புரியல, கொக்கைன் பாக்கெட் மட்டும் புரிஞ்சுது.

நம்ம பேச்சு படத்துல காமெடிக்கு மட்டும் தானுங்களா?

பெரும்பாலும் ஆமாங்க. கவுண்டமணி உடுமலை பக்கத்துக்காரரு, கோவை சரளா, மணிவண்ணன், சத்யராஜ் எல்லாம் நம்மாளுங்க, அவங்க பேசுன பேச்சுல தான் "ஏனுங்க", "போங்க தம்பி" எல்லாம் நாடு பூரா போச்சு. ஆனா மணிவண்ணனும் சத்யராஜும் அமைதிப்படை 1994ல எடுத்தப்ப ஒண்ணு பண்ணுனாங்க, அதே மரியாதை பேச்ச வெச்சு ஒரு பச்ச துரோகியை காட்டுனாங்க. தேங்கா பொறுக்கற அமாவாசை எப்படி எம்.எல்.ஏ. ஆவறான்னு. "ங்க" போட்டு பேசறவன் கழுத்தறுக்கவும் தெரிஞ்சவன்னு நம்மளுக்கு தெரியும், படத்துல காட்டுனது அவங்க தான். அப்பறம் வந்தவங்களுக்கு "ஏனுங்க" மட்டும் போதும்னு ஆயிருச்சு.

விவசாயி படம் வந்தா நம்மளுக்கு சந்தோசம் தான, அதையும் ஏன் குத்தம் சொல்றீங்க?

சந்தோசம் தானுங்க, முதல் படத்துக்கு. பத்தாவது படத்துலயும் வெளிநாட்டுல இருந்து ஒருத்தன் வந்து மண்ணை அள்ளி மூந்து பாத்துட்டு, கார்ப்பரேட் வில்லன் முன்னாடி மூணு நிமிஷம் வசனம் பேசி, கைதட்டு வாங்கிட்டு போறான். இங்க நெலமை என்ன. பொள்ளாச்சி பக்கம் தென்னைல வெள்ளை ஈ புடிச்சு ஓலை பூரா கருப்பு பூத்து கெடக்குது, காய் செறுத்து போச்சு. ஈரோட்டுல மஞ்சள் மூட்டைய மண்டில வெச்சுட்டு வெலை ஏறும் ஏறும்னு காத்திருந்து வண்டு ஊந்து போனவங்க எத்தனை பேரு. பால் சொசைட்டில காலைல டெஸ்டரு பாத்து "எஸ்என்எஃப் கம்மிங்க"ன்னா, பால்ல கொழுப்பு போக இருக்கற சத்து கம்மின்னு அர்த்தம், அந்த வார காசுல கைய வெச்சுருவாங்க. காட்டுக்குள்ள கெயில் கம்பெனி கேஸ் கொழாய் போடறேன்னு வந்தாங்க, 2013ல ஏழு மாவட்டத்து சனம் எதுத்து நின்னுச்சு, அப்பறம் உயர்மின் கோபுரம். இதுல ஒண்ணு கூடவா கதை இல்ல?

படத்துல விவசாயி எப்ப பாத்தாலும் வானத்தை பாத்து அழுதுட்டே இருக்காரு. எங்க பெரியப்பா அழுது நான் பாத்ததே இல்லைங்க. அவரு பேங்க்ல மேனேஜரு வர்ற வரைக்கும் நகை பையை மடில வெச்சுட்டு சேர்ல உக்காந்திருப்பாரு, டோக்கன் நம்பரு கூப்புடறப்ப மெல்ல எந்திரிப்பாரு, மூஞ்சில ஒண்ணும் தெரியாது. வெளிய வந்து டீ குடிச்சுட்டு "பையனுக்கு சொல்லாத"ம்பாரு. இதை எடுக்க கெரேன் வேணாம் ட்ரோன் வேணாம்.

பேய் படம்?

காஞ்சனா 2011ல வந்து ஓடுச்சு, அரண்மனை 2014ல ஆரம்பிச்சு 2024ல நாலாவது வந்துருச்சு, நாலாவதும் ஓடுச்சு. கொழந்தைங்க கேக்குதுங்க, லீவுல கூட்டிட்டு போறோம், ஏசில ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு வர்றோம். இதுக்கு மேல இதுல ஆராய்ச்சி பண்ண ஒண்ணும் இல்லைங்க.

வீட்டு பொம்பளைங்க என்ன சொல்றாங்க?

நான் சொல்றதை விட என் சம்சாரம் சொன்னதை சொல்லீர்றேன். "பொண்ணு பஸ் ஸ்டாண்டுல நிக்குது, அவன் பின்னாடியே வர்றான், அது திட்டுது, அவன் பாட்டு பாடறான், அது சிரிக்குது, இதை எடுக்கறவன் வீட்டுல பொண்ணே பொறக்கலீங்களா"ன்னா. கம்பெனில பவர் டேபிள்ல உக்காந்து தைக்கற அக்காங்களும் செக்கிங்ல நிக்கற புள்ளைங்களும் பேசறதை கேட்டா, சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயித்துக்கிழமை படத்துக்கு போறவங்களே அவங்க தான், திருப்பூர்ல பாதி டிக்கெட்டு அவங்க காசு. வாரக்கணக்கு போட்டு, சீட்டு கட்டி, புள்ளைங்கள படிக்க வெச்சு, குடிகார புருசனையும் சமாளிக்கற பொம்பளைய படத்துல எங்க காணோம். படத்துல வர்ற பொண்ணுக்கு வேலை இருக்குதுன்னு சொல்லுவாங்க, ஆனா அவ வேலை செஞ்சு பாத்திருக்கீங்களா? டாக்டருன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரி வராண்டால ஹீரோவ பாத்து சிரிச்சுட்டு இருப்பா.

அத்தை வயசு ஆளுங்க வேற மாதிரி. அவங்களுக்கு அழுகோணும். அண்ணன் தங்கச்சி, மாமியா மருமவ, ஒரே கதையா இருந்தாலும் பரவால்ல, நல்லா அழ வெச்சா போதும். ஆனா இப்ப அந்த படத்தை சீரியலுக்கு குடுத்துட்டாங்க, தியேட்டர்ல அவங்களுக்குன்னு ஒண்ணும் இல்ல, அதனால அவங்க தியேட்டருக்கே வர்றதில்ல.

மலையாள படம் மட்டும் எப்படி புதுசு புதுசா வருது?

அங்கயும் குப்பை வருதுங்க, நம்ம வரைக்கும் வர்றது பொறுக்கி எடுத்தது, கேரளா எல்லைல இருக்கற வாளையார் தாண்டறதுக்குள்ள மோசமானது எல்லாம் அங்கயே தங்கிருது. ஆனா ஒத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்குது. 2024ல மஞ்சும்மல் பாய்ஸ் டப்பிங் இல்லாம அப்படியே இங்க ஓடுச்சு, கோயமுத்தூர்ல மலையாளிங்க நெறைய பேரு இருக்காங்கன்னு வெச்சாலும், அந்தியூர் சத்தியமங்கலத்துல இருந்து கெளம்பி போய் பாத்தவங்க மலையாளிங்களா? கொடைக்கானல் குழில ஒருத்தன் விழுந்துட்டான், பிரண்டு எறங்கி தூக்கறான், கதை அவ்வளவு தான். ஆனா அவனுங்க வடம் இழுக்கற டீமு, எப்படி கயிறு புடிப்பானுங்கன்னு முன்னாடியே காட்டி வெச்சிருந்தாங்க. ஆளுங்களோட தொழிலு, பழக்கம், வாய்ப்பேச்சு, இதுல இருந்து கதை வருது. நம்ம ஆளுங்க ஹீரோ டேட்டுல இருந்து கதை எடுக்கறாங்க.

அலுத்து போச்சுங்கறீங்க, ஆனா ரீ ரிலீஸுக்கு கூட்டம் அள்ளுதே?

ஆமாங்க, இதுல நம்ம லட்சணமும் தெரியுது. கில்லி 2004ல வந்தது, அதுவே தெலுங்கு ஒக்கடுவோட ரீமேக், 2024ல திருப்பி விட்டாங்க, தியேட்டர் கிழிஞ்சுது. புதுசா வர்ற பழைய கதையை விட, பழசாவே வர்ற பழைய கதை மேல்னு சனம் முடிவு பண்ணிருச்சு போல. தியேட்டர் மேனேஜரா இருக்கான்னேனே, அந்த தம்பி சொன்னான், ரீ ரிலீஸுக்கு வர்றவங்க படம் பாக்க வர்றதில்லண்ணா, சேந்து கத்தறதுக்கு வர்றாங்கன்னு, வசனம் ஒண்ணு விடாம ஸ்க்ரீனுக்கு முன்னாடியே சொல்லிர்றாங்களாம். அதுவும் ஒரு சந்தோசம் தான், தப்பில்ல. ஆனா இதை பாத்துட்டு "பாருங்க, சனத்துக்கு பழசு தான் புடிக்குது"ன்னு இன்னொரு ப்ரொட்யூசரு கெளம்புவாரு, அது தான் பயம்.

டிக்கெட் வெலை தான் காரணம்னு சிலர் சொல்றாங்களே?

பாதி சரி. மல்டிப்ளெக்ஸ்ல வரி போக 150 ரூபாய்னு 2017லயே அரசு உச்சவரம்பு வெச்சுருச்சு, மத்த ஸ்டேட்டை பாத்தா நம்மளுது கம்மி தான். ஆனா நாலு பேரு போயி, பார்க்கிங் போட்டு, பாப்கார்ன் வாங்குனா ரெண்டு நாள் கூலி. நாலு வாரத்துல ஓடிடில வந்துரும்னு தெரியும். அப்ப "இதுவும் அதே படம் தான்"னு ட்ரெய்லர்லயே தெரிஞ்சா யாரு போவாங்க, வீட்டுல படுத்துட்டு பாத்துக்கலாம்னு விட்டுருவாங்க. முன்னெல்லாம் அலுப்பான படத்துக்கும் வேற வழியில்லாம போனோம், இப்ப வழி இருக்குது.

சரி, நம்ம பக்கம் எடுக்க என்ன கதை இருக்குதுன்னு சொல்லுங்க பாப்போம்?

திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒண்ணு போதுமுங்க. போர் போடற லாரி, இங்க இருந்து கெளம்பி ஆந்திரா, மத்திய பிரதேசம், ராஜஸ்தான்னு இந்தியா பூரா போகுது. வண்டியோட போற பசங்க மாசக்கணக்குல அங்கயே சமைச்சு, அங்கயே படுத்து, பாஷை தெரியாத ஊருல பூமிய தொளைச்சு தண்ணி காட்டறாங்க. தண்ணி வரலைன்னா அந்த ஊருக்காரன் காசு தர மாட்டேன்னு வண்டிய மறிச்சு வெச்சுக்குவான், டிரில்லரு போன்ல ஓனரோட பேசிட்டே இருப்பான், கம்ப்ரஸர் ஓடிட்டே இருக்கும். எந்த கண்டெய்னர் கதைக்கும் இது கொறைஞ்சதில்ல.

இன்னும் இருக்குது. 1946 ஜனவரி 8ல கோயமுத்தூர் ஜெயில்ல சின்னியம்பாளையம் மில் தொழிலாளிங்க நாலு பேரை தூக்குல போட்டாங்க. பல்லடம் சோமனூர் விசைத்தறில கூலி உயர்வுக்கு தறிய நிறுத்துனா ஊரே அமைதியாயிரும், சத்தத்துலயே தூங்கி பழகுன கொழந்தைங்க அன்னைக்கு தூங்காது. நாமக்கல் கோழிப்பண்ணைல முட்டை வெலை ராத்திரியோட எறங்கறது. ஒடிசால இருந்து ரயில் ஏறி திருப்பூர் வந்து எறங்கற பையன், அவனுக்கு மேஸ்திரியா இருக்கற நம்ம ஊரு ஆளு. இதுல பழிவாங்கறது, காதலு, அண்ணந்தம்பி சண்டை எல்லாம் வெச்சுக்கங்க, யாரு வேண்டாம்னா.

பாக்கறவங்களா நாம என்ன தான் பண்ணறது, ப்ரொட்யூசர் வீட்டு முன்னாடி போய் நிக்கவா?

வேண்டாங்க. திங்கக்கெழமை படத்துக்கு போங்க, அது போதும்.

ஏன்னு சொல்றேன். எங்க தம்பி தினம் ராத்திரி கடைசி ஷோ டிக்கெட்டு முடிஞ்சதும் டிசிஆர் எழுதுவான், டெய்லி கலெக்ஷன் ரிப்போர்ட்டு, எந்த ஷோவுக்கு எந்த க்ளாஸ்ல எத்தனை டிக்கெட்டு போச்சு, வரி எவ்வளவு, பங்கு எவ்வளவுன்னு. அது டிஸ்ட்ரிப்யூட்டருக்கு போகும், அங்க இருந்து மேல போகும். முதல் வாரம் பங்கு பெரும்பகுதி படக்காரங்களுக்கு, வாரம் ஏற ஏற தியேட்டருக்கு கூடும். பெரிய ஹீரோ படம் வெள்ளி சனி ஞாயிறு நெறைஞ்சு திங்கக்கெழமை மேட்னிக்கு ஆளே இருக்காது, அப்ப தியேட்டர்காரருக்கு மிஞ்சறது கேண்டீன் மட்டும். நல்ல சின்ன படம் இதுக்கு நேரெதிரு, வெள்ளிக்கெழமை ஈ ஓட்டும், ஆளுங்க பேசி பேசி செவ்வாய்க்கெழமைக்கு மேல ஏறும், ஆனா அதுக்குள்ள ஷோவை கொறைச்சுருவாங்க, அடுத்த வெள்ளிக்கு வேற படம் வந்துரும். லப்பர் பந்தாட்டம் தாக்கு புடிச்சு நிக்கறது நூத்துல ஒண்ணு.

அதனால புடிச்ச படம்னு காதுல விழுந்தா அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க, திங்கள் செவ்வாய் நைட் ஷோவுக்கு ஒரு நாலு பேரா போங்க. அந்த டிசிஆர்ல திங்கக்கெழமைக்கு நேரா எழுதற நம்பரை தான் கோவை ஏரியாக்காரரு அடுத்த படம் வாங்கறப்ப பாக்கறாரு. நம்ம தம்பி அடிக்கடி சொல்லுவான், ஞாயித்துக்கெழமை நம்பரை பாத்தா ஹீரோ யாருன்னு தெரியும்ணா, திங்கக்கெழமை நம்பரை பாத்தா தான் படம் எப்படின்னு தெரியும்னு. அவன் தியேட்டர்ல திங்கக்கெழமை பார்க்கிங்கும் வாங்கறதில்லைங்க.